தின்னத் தின்னப் பசி

இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு



ஆண்டு மலருக்குக் கட்டுரை தரலாம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டதுமே நம் வகுப்பில் தலைப்புகள் பறந்தன. 'நாளைய இந்தியா', 'நட்பு', 'தொழில்நுட்பமும் மனிதனும்'. "எங்க வீட்டு நாயோட வயித்தைப் பத்தி எழுதப் போறேன்" என்று நான் சொன்னதும் பின் பெஞ்சில் எழுந்த சிரிப்பு ஒர்க் ஷாப் வரைக்கும் கேட்டிருக்கும். சிரித்தவர்களும் கடைசி வரை படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். இதில் நாய் மட்டும் இல்லை. நாம் படிக்கிற படிப்பு இருக்கிறது. ஒரு லைன் வீட்டின் மாதச் செலவுக் கணக்கும் இருக்கிறது.

எங்கள் ஊரும் எங்கள் வீடும்

என் ஊர் வால்பாறை. பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோ மீட்டர். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறினால் கண்ணுக்கு எட்டிய வரை தேயிலை. தேயிலையைச் சுற்றிக் காடு. சுற்றுலா வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு சாயங்காலம் இறங்கிவிடுவார்கள். இறங்காமல் மூன்று தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள் நாங்கள். தாத்தா தென் மாவட்டத்துக் கிராமத்தை விட்டு எஸ்டேட் வேலைக்கு வந்தவர். பாட்டி கொழுந்து பறித்தார். அம்மா இன்றும் கொழுந்து பறிக்கிறார். அப்பாவுக்கு பங்களாவில் தோட்ட வேலை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். அதனால் மாத்திரை அட்டையில் இருப்பதைப் படிப்பது, பாங்க் பாரம் நிரப்புவது, கரண்ட் பில் பார்ப்பது எல்லாம் என் இலாகா.

பங்களாவில் இருந்த அதிகாரி மாற்றலாகிப் போகும்போது, "இதை நீயே வச்சுக்கப்பா" என்று ஒரு நாயை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனார். ஜெர்மன் ஷெப்பர்டு. பெயர் ராக்கி. அப்போது அவனுக்கு ஒன்றரை வயசு இருக்கும். ஜாதி நாய் என்று லைனே கூடி வேடிக்கை பார்த்தது. ஆனால் விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இருந்தான்.

"பங்களா நாய்க்கு சோறு போடலியா?" என்று பாட்டி கேட்டார். அம்மா அன்றைக்கே ஒரு சட்டி நிறையச் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார். நிமிஷத்தில் காலி. மறுபடி வைத்தார். அதுவும் காலி. ஒரு மாதம் போனது. எங்கள் அரிசி டப்பா குறைந்ததே ஒழிய ராக்கியின் உடம்பில் ஒரு கிராம் ஏறவில்லை. உள்ளே போன அளவுக்கு வெளியேயும் வந்தது. அதுவும் மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்காக, சகிக்க முடியாத நாற்றத்தோடு. வயிறு எந்நேரமும் கடமுடவென்று சத்தம் போடும். இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும், முகம் சுளிக்காதீர்கள். தன் மலத்தைத் தானே தின்றான். அவ்வளவு பசி!

ராத்திரியும் சிறுத்தையும்

நாய்க்கு வயிற்றுப்போக்கு என்பது உங்கள் ஊரில் அசிங்கமான விஷயம், அவ்வளவுதான். எங்கள் ஊரில் அது உயிர் விஷயம். வால்பாறையில் இருட்டிய பிறகு நாயை வெளியே விட மாட்டோம். தேயிலைப் புதருக்குள் சிறுத்தை பதுங்கி வரும். நாய் என்றால் அதற்குச் சுலபமான இரை. ராக்கிக்கோ ராத்திரியில் நாலு தடவை, ஐந்து தடவை வெளியே போயாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அப்பா டார்ச் லைட்டும் கம்பும் எடுத்துக்கொண்டு கூடப் போவார். காலையில் மஸ்டருக்கு நிற்கும்போது அப்பாவின் கண் சிவந்திருக்கும். நாயைக் கூட்டிக்கொண்டு போகிற மனிதனுக்கும் அங்கே ஆபத்துதான் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

லைனில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். குடல்புழு என்றார்கள், புழு மாத்திரை மூன்று முறை கொடுத்தோம். கண்ணு பட்டிருச்சு என்றார்கள். பாட்டி சுற்றிப் போட்டார். பப்பாளி கொடுத்தால் செரிக்கும் என்றார்கள், கொடுத்தோம். டானிக் வாங்கி ஊற்றச் சொன்னார்கள். இரண்டு பாட்டில் ஊற்றினோம். கடைசியாக ஒருவர், "பேசாம காட்டுப் பக்கமா விட்டுட்டு வந்துரு, புண்ணியமாப் போகும்" என்றார். அப்பா பதில் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

பொள்ளாச்சி மருத்துவர்

காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டி ஒன்றில் ராக்கியை ஏற்றி, 40 வளைவும் இறங்கி, பொள்ளாச்சியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் நாயைத் தொடுவதற்கு முன்னால் கேள்விதான் கேட்டார்.

"ஏந்தம்பி, நல்லாத் திங்குதுங்களா?"

"எவ்வளவு போட்டாலும் திங்குதுங்க சார்."

"தின்னும் ஒடம்பு ஏறலீங்கறீங்க?"

"ஆமாங்க சார்."

"வெளிய போறது சாம்பல் கலந்த மஞ்சளா, நெறைய நெறையப் போகுதுங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். நேரில் பார்த்தது போலக் கேட்கிறாரே என்று!

குடலில் கோளாறு இருக்கலாம், ஆனால் தனக்குக் கணையத்தின் மேல்தான் சந்தேகம் என்றார் மருத்துவர். கணையம் என்பது இரைப்பைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கிடக்கும் வெளிறிய உறுப்பு. அதற்கு இரண்டு வேலை. ஒன்று, ரத்தத்தில் இன்சுலினை விடுவது. அது கெட்டால் சர்க்கரை வியாதி. இன்னொன்று, சாப்பாட்டைச் செரிக்கிற நொதிகளைக் குடலில் விடுவது. கொழுப்புக்கு லைபேஸ், மாவுச்சத்துக்கு அமைலேஸ், புரதத்துக்கு ட்ரிப்சின் முதலானவை. ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களில் சிலவற்றுக்கு, இளவயதிலேயே இந்த இரண்டாவது வேலையைச் செய்யும் செல்கள் மட்டும் அழிந்து சுருங்கிப்போகின்றன. இன்சுலின் செல்கள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். இதில் பரம்பரைக் கூறும் உண்டு. கணையத்தில் சுமார் 90 விழுக்காடு போன பிறகுதான் வெளியே அறிகுறி தெரியும்.

நம் பாஷையில் சொன்னால், டேங்க் நிறையப் பெட்ரோல் இருக்கிறது, ஸ்பார்க் பிளக் வேலை செய்யவில்லை. போடுகிற பெட்ரோல் எரியாமல் அப்படியே சைலன்சர் வழியாக வெளியே போகிறது. ராக்கி சட்டி சட்டியாகத் தின்றுகொண்டே பட்டினி கிடந்தான்.

அந்தக் காலத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான சோதனை செய்வார்களாம். எக்ஸ்ரே பிலிமின் மேல் ஜெலட்டின் பூச்சு இருக்கும் அல்லவா? அது ஒரு புரதம். நாயின் மலத்தைக் கரைத்து அதில் ஒரு துண்டு பிலிமை வைத்தால், ட்ரிப்சின் இருந்தால் பூச்சு அரிக்கப்பட்டு பிலிம் தெளிந்துவிடும். இல்லாவிட்டால் அப்படியே இருக்கும். ஆனால் அதை முழுக்க நம்ப முடியாது. இப்போது ரத்தத்தில் டி.எல்.ஐ. என்று ஒரு அளவு பார்க்கிறார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் நோய் உறுதி.

ஃபீஸா, பரிசோதனையா?

ரத்தத்தை வெளியூர் லேபுக்கு அனுப்ப வேண்டும். அதற்கான பணமும் என் செமஸ்டர் கட்டணமும் ஒரே வாரத்தில் வந்து நின்றன. வீட்டில் இருந்தது அம்மாவின் சீட்டுப் பணம் மட்டும். அது எனக்கென்று எடுத்து வைத்தது.

"நாய்க்காகப் பையன் படிப்பைக் கெடுப்பாங்களா?" என்று பாட்டி கேட்டது நியாயம்தான். எங்களைப் போன்ற வீட்டில் ஒரு பருவம் தவறினால் அப்புறம் படிப்பே தவறிப்போகும். முதல் தலைமுறையாகப் படிக்கிறவர்களுக்கு இது புரியும். அப்பா ராக்கியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், ஒன்றும் பேச மாட்டார். கடைசியில் அம்மாதான் முடிவு சொன்னார். "சீட்டுப் பணம் ஃபீஸுக்கு. அதுல கை வைக்கக் கூடாது. நாய்க்கு வேணும்னா நீ சம்பாதிச்சுக் கட்டு."

செமஸ்டர் விடுமுறையில் பொள்ளாச்சியில் ஒரு லேத் பட்டறையில் மூன்று வாரம் வேலை பார்த்தேன். ஃபேசிங், டர்னிங், டிரில்லிங் எல்லாம் பரீட்சைக்குச் செய்வது வேறு, கூலிக்குச் செய்வது வேறு! அந்தக் கூலியில் ராக்கியின் ரத்தம் லேபுக்குப் போனது. முடிவு வந்தது. 2.5-க்கு வெகு கீழே. பி12 வைட்டமினும் குறைவு.

மருந்து எங்கே இருந்தது?

அழிந்துபோன செல்கள் திரும்ப வளரப் போவதில்லை. உடம்பு தராததை நாம் வெளியிலிருந்து ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் தர வேண்டும், ஆயுள் முழுக்க. பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த பான்கிரியாட்டின் என்ற நொதித் தூள்தான் அதற்கு மருந்து. மனிதர்களுக்கான கேப்சூலாக மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிறது. ராக்கிக்கு ஒரு வேளைக்கு இத்தனை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். பிரித்துச் சோற்றில் கலக்க வேண்டும். முதல் வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. ராத்திரி ஐந்து தடவை என்பது ஒரு தடவையானது. அப்பா மூன்று மாதத்துக்குப் பிறகு விடிய விடியத் தூங்கினார்.

ஆனால் ஒரு அட்டை வாங்கினால் அப்பாவின் ஒரு நாள் கூலி போய்விடும். அந்த அட்டை மூன்று நாளைக்குக் கூட வராது. மருந்து கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை. மருத்துவரிடம் உள்ளதைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "கறிக்கடைக்குப் போங்க தம்பி" என்றார்.

ஆட்டுக் கணையமோ மாட்டுக் கணையமோ பச்சையாகக் கொடுத்தால் அதிலேயே நொதிகள் இருக்கின்றன! நம் ஆட்கள் ஈரல் வாங்குவார்கள், சுவரொட்டி வாங்குவார்கள், குடல் வாங்குவார்கள். கணையத்தை யாரும் கேட்பதில்லை. குடலோடு ஒட்டிக்கிடக்கும் அதைக் கழித்துத் தூர எறிந்துவிடுவார்கள். வால்பாறை கடைக்காரரிடம் போய், மருத்துவர் வரைந்து கொடுத்த படத்தைக் காட்டினேன். "அட, இதா? இதைக் காக்காய்க்கில்ல போடுவேன்! சும்மா எடுத்துட்டுப் போ" என்றார். உலகத்தில் சில நாடுகளில் டப்பாவில் அடைத்து விற்கிற பொருள், எங்கள் ஊரில் காக்காய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

இதில் சில விதிகள் உண்டு. பொடியாக நறுக்கி, வெதுவெதுப்பான சோற்றில் கலந்து வைக்க வேண்டும். வேகவைக்கவே கூடாது. அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. "பச்சையா எப்படிடா குடுக்கறது? ஒரு கொதி விட்டுத் தர்றேன்" என்றார். முட்டை வெந்தால் கெட்டியாகிறது அல்லவா, நொதியும் ஒரு புரதம்தான், சூட்டில் உருவம் மாறிவிட்டால் வேலை செய்யாது என்று விளக்கினேன். சூடேறி டெம்பர் போன கட்டிங் டூல் மாதிரி. அன்றைக்குத்தான் அம்மா, "இதெல்லாம் காலேஜ்ல சொல்லித் தர்றாங்களா?" என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பச்சை மாமிசத்தில் கிருமி இருக்கும் என்பதால் கத்தி, பலகை, கை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அந்தக் கத்தி வேறு எதற்கும் கூடாது.

வாரத்துக்கு ஒரு முறை வாங்கி, வேளைக்கு ஒன்றாகப் பொட்டலம் கட்டி உறைய வைத்துவிடலாம். உறைநிலையில் நொதி மாதக்கணக்கில் கெடாது. எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. பக்கத்து லைன் அக்கா வீட்டில் இருக்கிறது. "ஐஸ் பெட்டியில நாய் மருந்தா?" என்று முதலில் தயங்கினார். மூடி போட்ட டின்னில் வைக்கிறோம் என்றதும் ஒப்புக்கொண்டார். இன்றைக்கும் ராக்கி அந்தப் பக்கம் போனால் அக்கா, "என்னடா, உன் சாப்பாடு பத்திரமா இருக்கு" என்பார். மழைக்காலத்தில் வால்பாறையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அந்த நாட்களுக்கென்று ஒரு அட்டை கேப்சூல் அலமாரியில் எப்போதும் இருக்கும். கடை மூடி, கரண்ட் போய், அட்டையும் தீர்ந்த ஒரு ஆடி மாதத்தில் இரண்டே நாளில் பழைய வயிற்றுப்போக்கு திரும்ப வந்தது. மருந்துதான் அவனைத் தாங்கிப் பிடித்திருக்கிறது என்பது அப்போது லைனுக்கே விளங்கியது.

சாப்பாட்டையும் மாற்றினோம். கேழ்வரகுக் களியை நிறுத்தினோம். நார்ச்சத்து அதிகமானால் நொதியின் வேலைக்கு இடைஞ்சல். குழைய வடித்த அரிசிச் சோறு, முட்டை, கோழி. ஒரே வேளையில் மலை போலப் போடாமல் மூன்று வேளையாகப் பிரித்தோம்.

பி12 என்கிற சிவப்பு மருந்து

நொதி மட்டும் போதாது. பி12 வைட்டமின் குடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட வேண்டுமானால் அதைக் கைப்பிடித்துக் கூட்டிப் போக ஒரு புரதம் வேண்டும். மனிதருக்கு அது இரைப்பையில் சுரக்கிறது. நாய்க்கோ பெரும்பாலும் கணையத்திலிருந்துதான் வர வேண்டும். ஆகவே கணையம் போனால் பி12-ம் போகும். பி12 குறைந்தால் நொதி கொடுத்தும் நாய் தேறாது. இப்போது வாய்வழியாகக் கொடுத்தும் சரிசெய்கிறார்கள் என்று மருத்துவர் சொன்னார். ராக்கிக்கு ஊசிதான் போட்டார்கள். வாரம் ஒன்றாக ஆறு வாரம், பிறகு மாதம் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, காலண்டரில் ஊசி நாட்களில் குங்குமப் பொட்டு வைத்துக் கணக்கு வைத்தார். ஒன்றுகூடத் தவறவில்லை.

அந்த மருந்து செக்கச்செவேல் என்று இருக்கும். ஏன் என்று தேடிப் படித்தேன். பி12-ன் நடுவில் கோபால்ட் என்ற உலோகம் உட்கார்ந்திருக்கிறது. ஆம், ஹைஸ்பீடு ஸ்டீல் பாடத்தில் படிக்கிறோமே, அதே கோபால்ட்! 1948-ல் இதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். இதன் சிக்கலான அமைப்பை எக்ஸ்ரே முறையில் கண்டறிந்தவர் டோரதி ஹாட்ஜ்கின் என்ற ஆங்கிலேயப் பெண் விஞ்ஞானி. 1964-ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ராக்கியின் எடையை எப்படிப் பார்த்தோம் என்று கேட்கிறீர்களா? கொழுந்து எடை போடும் தராசில்தான். சாயங்காலம் கடைசிச் சாக்கு இறங்கியதும், படங்குச் சாக்கில் ராக்கியை உட்கார வைத்துத் தூக்கி மாட்டுவோம். முதல் எடை 17 கிலோ. நாலு மாதத்தில் 25 கிலோ. ஒவ்வொரு தடவையும் பறிப்புப் பெண்கள் சுற்றி நின்று, "இந்த வாரம் எத்தனை?" என்று கேட்பார்கள். காட்டில் விட்டுவிடச் சொன்னவரும் அந்தக் கூட்டத்தில் நின்றார்.

நாய்களுக்கு நாம் பட்ட கடன்

இதைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெரிய வந்தது. செரிமானம் பற்றி மனிதன் கற்ற பாடத்தில் பெரும்பங்கு நாயிடம் கற்றது. கணைய நீர் கொழுப்பைச் செரிக்கிறது என்று பிரான்சின் கிளாட் பெர்னார்டு விலங்குகளில் ஆராய்ந்து சொன்னார். 1889-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மேரிங், மின்கோவ்ஸ்கி என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை எடுத்துப் பார்த்தார்கள். அதற்குச் சர்க்கரை நோய் வந்தது. கணையத்துக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பு அப்படித்தான் வெளிவந்தது. மணி அடித்தால் எச்சில் ஊறும் நாய் என்று நாம் கேள்விப்பட்ட பாவ்லோவுக்கு 1904-ல் நோபல் பரிசு கிடைத்ததும் செரிமான ஆராய்ச்சிக்குத்தான். 1921-ல் கனடாவின் டொரண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்ததும் நாய்களை வைத்துத்தான்.

எங்கள் பாட்டிக்குச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ராக்கிக்குக் கணையத்தின் ஒரு பாதி இல்லை, பாட்டிக்கு மறு பாதி சரியில்லை. பாட்டிக்கு மருந்து வந்த வழியில் எத்தனையோ நாய்கள் உயிரைக் கொடுத்திருக்கின்றன. இதைச் சொன்னதிலிருந்து பாட்டி ராக்கியின் செலவைப் பற்றிப் பேசுவதில்லை. "அவனுக்கும் ஊசி, எனக்கும் ஊசி" என்று சொல்லிக்கொள்வார்.

நண்பர்களுக்கு

உங்கள் வீட்டிலோ தெருவிலோ, நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போகும் நாய் இருந்தால், அதற்குக் கொழுப்புப் பிசுக்கான மலம் நிறையப் போனால், கால்நடை மருத்துவரிடம் கணையத்தைப் பற்றிக் கேளுங்கள். நீங்களாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம். குடல் நோய்கள் பலவற்றுக்கும் இதே போன்ற அறிகுறி உண்டு. பப்பாளி புரதத்தைத்தான் கரைக்கும், கொழுப்பைச் செரிக்கிற வேலை அதனால் ஆகாது. டானிக்குக்கும் அந்தச் சக்தி இல்லை. எது இல்லை என்று கண்டுபிடித்து, அதைக் கொடுக்க வேண்டும். நோய் உறுதியான நாயிடம் குட்டி எடுக்காதீர்கள். ராக்கிக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துவிட்டோம்.

நாய் வளர்ப்பது பணக்காரர்கள் வேலை என்று சொல்கிறவர்கள் உண்டு. ஜாதி நாயை வாங்குவது வேண்டுமானால் பணக்காரர் வேலையாக இருக்கலாம். அது நோயில் விழுந்த பிறகு அதனோடு இருந்து காட்டியது, தினக்கூலி வாங்கும் ஒரு அப்பாவும், காலண்டரில் பொட்டு வைத்த ஒரு அம்மாவும், பக்கத்து லைன் அக்காவும், காசு வாங்காத ஒரு கறிக்கடைக்காரரும். என் பங்குக்கு நான் செய்தது மூன்று வார லேத் வேலையும், அட்டையில் உள்ள எழுத்தைப் படித்துச் சொன்னதும்தான். படித்தவன் ஒருவன் வீட்டில் இருப்பதால் என்ன லாபம் என்று இனி யாராவது எங்கள் லைனில் கேட்டால், பதில் சொல்ல ராக்கி வாலை ஆட்டிக்கொண்டு வருவான்.